ரன்வா சொல்லாத குளிர்

ரன்வாவிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், "நீ ஏன் இன்னும் இங்கயே உக்காந்திருக்க? வெளிநாடு போய்ப் படிச்சுட்டு வா" என்று ஆரம்பித்துவிடுவாள். தபால் கொண்டுவரும் பெண்ணிடம் சொன்னாள். பெட்ரோல் போடும் பையனிடம் சொன்னாள். மூன்று பிள்ளை பெற்ற பள்ளி டீச்சரையும் விடவில்லை. "என் புருஷன அனுப்பி வை, நான் இங்கயே நிம்மதியா இருந்துக்குறேன்" என்று டீச்சர் சொன்னதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது.

வட அட்லாண்டிக் கடலில், குளிருக்குப் பேர்போன ஃபரோ தீவுகளின் தெற்குக் கோடியில் இருக்கிறது எங்கள் ஊர். படகுக்காரர்களும் மீன் ஆலையும் சேர்ந்து ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருவரை அதிலிருந்து வெளிநாட்டில் படிக்க அனுப்புவார்கள். அதில்தான் ரன்வா போர்ச்சுகலில் போர்த்தோ நகரத்துக்குப் போய், பத்து மாதம் சமையல் படித்துவிட்டு வந்தாள். இப்போது ஆலையின் சாப்பாட்டுக்கூடம் அவள் கையில். நாங்கள் உப்புப் போட்டுக் காயவைத்து அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற மீனை, எங்களுக்கே புதிதாகச் சமைத்துப் போடுகிறாள். நிதிக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நவம்பரிலும் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் இளையவர்களுக்கு அவள் பேச வேண்டும்.

அவள் முதல் தடவை பேசியபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். அதுதான் எனக்குச் சௌகரியமான வரிசை. நிதித் தலைவர் சாமல் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். சுவரில் படங்கள் வந்தன. மஞ்சள் ஓடு பதித்த வீடு. ஆற்றின் மேல் வெயில். ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேர், நடுவில் ரன்வா, வாய் நிறையச் சிரிப்பு.

"முதல் வாரத்துலயே இத்தனை பேர்" என்றாள். கைதட்டினார்கள்.

என் தங்கை துரிட்டா பல் டாக்டரிடம் நேரம் கேட்கக்கூட என்னைத்தான் போன் பண்ணச் சொல்வாள். அன்று வீட்டுக்கு நடக்கும்போது, "நானும் போறேன்" என்றாள்.

அப்பா நின்றுவிட்டார். அவர் பெயர் ஹோக்னி, மீன்பிடிப் படகு ஓட்டுகிறவர். "நீயா? தலைநகர்ல பஸ் மாறவே அண்ணன் சட்டையப் புடிச்சுக்குவ."

"ரன்வா அக்கா போகலயா?"

"அவ பேசியே ஊரை வித்துடுவா. உன்கிட்ட ஒரு வார்த்தை வாங்க நாங்க தூண்டில் போடணும்."

ஆனாலும் போன செப்டம்பரில் துரிட்டா போய்விட்டாள், அதே நிதியில், போர்த்தோவில் அதே சமையல் பள்ளிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பேசுவார். வெயில் எப்படி? நல்லா இருக்கு. சாப்டியா? ஆச்சு. போன் என் கைக்கு வந்துவிடும். அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும், படகைக் கரையில் கட்டிவிட்டு வந்தவர் போல.

நவம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"கடல்ல இருக்கார்."

"அண்ணா, நான் சனிக்கிழமை வந்துடறேன். டிக்கெட் எடுத்துட்டேன். மொத்தமா வந்துடறேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான். இங்க நான் இருக்குறதே யாருக்கும் தெரியாது. ரன்வா அக்காவுக்கு முதல் வாரமே ஆறு பேர் கிடைச்சாங்க. எனக்கு ரெண்டு மாசமா பால் கடைக்காரர் மட்டும்தான். என்கிட்டதான் ஏதோ கோளாறு. ராத்திரி பல்லு கிட்டிக்குது. தெற்கு நாட்டுல போய்க் குளிருதுன்னா அப்பாவே சிரிப்பார். சொல்லிடாத."

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

நேராக ஆலைக்குப் போனேன். ரன்வா பெரிய பாத்திரத்தின் முன் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் தானாக வந்து பேசுகிறவன் இல்லை என்பதால் என் முகத்தைப் பார்த்ததுமே, "யாரு செத்தது?" என்றாள்.

சொன்னேன். கோளாறு என்கிற இடம் வரைக்கும் அவள் கை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"நான் அங்க எங்க தூங்கினேன் தெரியுமா தம்பி? குளியலறைத் தரையில. அந்த வீட்டுல ஹீட்டர் இருந்த ஒரே இடம் அதுதான். பஞ்சு மெத்தையை உள்ள இழுத்துப் போட்டு, நம்ம ஊர் கம்பளிச் சட்டை ரெண்டு மாட்டிக்கிட்டு."

"போர்ச்சுகல்லயா?"

"வெளிய வெயில்தான். வீட்டுக்குள்ள கல்லு. நம்ம வீடு மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் சுவர் சூடா இருக்காது."

எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. "அந்த ஆறு பேர்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "யாருன்னே தெரியாது. பக்கத்து மேசையில இருந்தாங்க. எங்கள ஒரு போட்டோ எடுன்னாங்க, எடுத்தேன். நீயும் வான்னு நடுவுல உக்கார வச்சு ஒண்ணு எடுத்தாங்க. அவ்வளவுதான். அன்னிக்கு அந்த வாரத்துலயே முதல் தடவையா ஒருத்தர் என்கிட்ட பேசினாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். உருளைக்கிழங்கு மூட்டைமேல்தான். ஒரு ஊரே கைதட்டிய சிரிப்பு. என் தங்கை மாதக்கணக்காக அந்தச் சிரிப்போடு தன்னை அளந்து பார்த்துக் குறைந்துபோயிருக்கிறாள்.

"அப்புறம் எப்படி பத்து மாசம் இருந்தீங்க?"

"திரும்பி வர வெக்கமா இருந்துச்சு." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "பிப்ரவரில ஒரு நாள் மீன் கடைக்காரம்மா என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. உக்காரு, சாப்ட்டுட்டுப் போன்னாங்க. அதுல இருந்து நான் சொல்ற அத்தனையும் நிஜம், தம்பி. அதுக்கு முன்னாடி இருந்ததை மட்டும் சொல்லல. சாமல் மாமா முன்னால உக்காந்திருக்கும்போது எப்படிச் சொல்றது?"

அது எனக்குப் புரிந்தது. கொடுத்ததில் குறை சொல்கிறவர்களை எங்கள் ஊர் திருடர்களுக்கு அடுத்த வீட்டில் வைத்திருக்கிறது.

"துரிட்டாகிட்ட இதைச் சொல்லுங்கக்கா. மெசேஜாவது போடுங்க."

"தனியா சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பா. நாளைக்குக் கூட்டம் இருக்குல்ல, அங்க சொல்றேன். நீ போன்ல பதிவு பண்ணி அனுப்பு."

வியாழக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. கடலிலிருந்து வந்த கையோடு அப்பாவும் வந்திருந்தார், மகள் போன ஊரைப் படத்தில் பார்க்க. அந்த ஆறு பேர் படம் சுவரில் வந்தது. வழக்கமான இடத்தில் ரன்வா வழக்கமானதைச் சொல்லவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து நான் கேட்டது முழுவதையும் சொன்னாள். குளியலறையை. கல்லை. பெயர் தெரியாத ஆறு பேரை. பிப்ரவரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மீன் கடைக்காரம்மாவை. நான் போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். இப்படி ஒன்றைக் கேட்பதற்கு எங்களிடம் ஒரு முகமே இல்லை.

சாமல் கைகளைப் பிரித்தார். "ரன்வா, பசங்க பயந்துடுவாங்கம்மா."

"பயப்படட்டும் மாமா. பயந்துட்டே போகட்டும். நான் இப்பவும் போங்கன்னுதான் சொல்றேன்."

அப்பா எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. "நீ சொல்றது என் பொண்ணு இருக்குற ஊரா?"

"அதே ஊர்தான், ஹோக்னி மாமா."

"அவ நல்லா இருக்குன்னாளே."

"நானும் எங்க அப்பாகிட்ட அதைத்தான் சொன்னேன்."

அப்பா திரும்பி வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். மேல்கோட்டை எடுக்காமலே வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். காற்று அடித்தது. சுவருக்கு முதுகு கொடுத்து போனைக் காதில் வைத்திருந்தார். அவர் கூப்பிட்டால் அவள் எடுக்காமல் இருக்க மாட்டாள்.

"குளிருதா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் உதடுகள் நீலமாகிவிட்டன, என் சட்டையைப் போர்த்தினேன், அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில், "வரணும்னா வா. உன்னை எவன் என்ன கேக்குறான்னு நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. நான் அனுப்பியதை இரண்டு தடவை கேட்டதாக எழுதியிருந்தாள், வேறு ஒன்றும் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். காய்ந்த ஆட்டுக்கறியை அறுத்து அறுத்துத் தின்றாள். பெட்ரோல் போடும் பையன், "போர்ச்சுகல் அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று கேட்டதற்கு, "இல்ல, நீ வர்றியான்னு பாக்க வந்தேன்" என்றாள். இனி போகமாட்டாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ரன்வாகூட அப்படித்தான் நினைத்தாள், ஆனால் கேட்கவில்லை. ஜனவரியில் ஒரு காலை துரிட்டா பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினாள்.

அப்பா காப்பிக் கோப்பையைப் பாதியில் வைத்தார். "எங்க?"

"அக்கா பிப்ரவரின்னு சொன்னாங்கல்ல. அதைப் பாத்துட்டு வர்றேன்."

இதை எழுதும்போது பிப்ரவரி பாதி போய்விட்டது. மீன் கடைக்காரம்மா யாரும் அவளை இன்னும் கூப்பிடவில்லை. போன ஞாயிறு அப்பா வெகுநேரம் பேசினார். வைத்ததும் ரன்வாவைப் பார்க்க ஆலைக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

"என்ன சொல்றா மாமா?" என்றாள் ரன்வா.

"பயங்கரமா குளிருதாம்" என்றார் அப்பா. "என்கிட்டயே சொன்னா."