எருமைக்கன்றும் பத்துக் கேள்விகளும்

படப் புத்தக விற்பனையில் புத்தகத்தை விரும்புபவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். விரும்புபவருக்கு வயது நான்கு, கையில் பணமும் கிடையாது. இதே பிழைப்பில் அல்லலுறும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தமிழாசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், ஃபேரர் பார்க்கில் ஒரு புத்தகக் கடையில் பகுதி நேரமாகப் பணியாற்றுகிறேன். வாசலை ஒட்டிய தட்டு முழுவதும் தேர்வுப் பயிற்சி நூல்கள் நிறைந்திருக்கக் கண்டு மனம் பொறாமல், அவற்றை அகற்றிச் சிறுவர் படப் புத்தகங்களை அடுக்கச் செய்தேன். விற்றுக் காட்டுவது என் பொறுப்பு என்று முதலாளி நூருதீனிடம் வாக்கும் கொடுத்தேன். பண்பாளர், மறுக்கவில்லை. கெடு மட்டும் வைத்தார்: "ஜூன் லீவு முடியட்டும் டீச்சர். நகரலேன்னா பழையபடி அசெஸ்மென்ட் புக்கை அடுக்கிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

கெட்டி அட்டை

ஊரின் மேற்குக் கோடியிலுள்ள பூன் லேயிலிருந்து ரயிலேறி வந்திருந்தார் ஒரு தாய். அவருடைய இரண்டு வயது மகள் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்து, அதன் முனையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் புத்தகம் செய்யப்பட்டதே அதற்காகத்தான்: கெட்டி அட்டை, வழவழப்பான பக்கங்கள், உருண்டையான முனைகள். எச்சில் பட்டால் துடைத்துவிடலாம் என்று நான் எடுத்துரைத்தேன்.

தாய் புத்தகத்தைப் பிடுங்கித் துடைத்தார், வாங்கவும் செய்தார். பிறகு, உடனே பிளாஸ்டிக் உறை போட்டுத் தருமாறு கேட்டார். நான் உறை போட்டு முடிக்கும்வரை குழந்தை அழுதுகொண்டிருந்தது. எப்போது இவளிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "பிரைமரி ஒன் போகட்டும் டீச்சர். அப்போ கிழிக்க மாட்டா."

தந்தையின் வாசிப்பு

அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு தந்தை வந்தார். ஐந்து வயது மகனை அருகில் அமர்த்திக்கொண்டு, குளிக்க மறுக்கும் எருமைக்கன்றின் கதையைத் திறந்தார். பக்கத்துக்கு ஆறு சொற்களுக்கு மேல் இல்லாத புத்தகம். தமிழ் பிழைத்துவிடும் என்று நான் பூரித்த வேளையில், அவர் ஒவ்வொரு பக்கத்தையும் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கதை சொல்லத் தொடங்கினார். கன்று சேற்றில் விழுந்ததை அவர் சொல்லி முடிக்க இரண்டு நிமிடங்கள் பிடித்தன.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் தமிழில் இருக்கிறது என்பதை மரியாதையாக நினைவூட்டினேன். "தமிழ்ல சொன்னா இவனுக்குப் புரியாது டீச்சர்" என்றார். மகன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான்: "டாடிக்கும் தெரியாது லா."

சனிக்கிழமைக் கதைநேரம்

விடுமுறையில் பாதி கழிந்தும் தட்டில் பாதிகூடக் குறையவில்லை. எனவே, நானே கதை வாசிப்பதாக அறிவித்தேன். பதினொரு குழந்தைகள் வந்தனர். உயர வரிசைப்படி உட்கார வைத்தேன். முதல் வணக்கத்தில் ஒலி போதாமையால் மறுமுறை சொல்ல வைத்தேன். கன்று சேற்றில் விழுந்த இடத்தில் ஒரு சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். என்னையும் அறியாமல், "கையைக் கட்டு" என்றேன். பதினொரு பேரும் கட்டினார்கள்.

எவ்வளவு ஒழுங்கான அவை என்று மகிழ்ந்திருந்தேன். புத்தகம் வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் அந்தச் சிறுமி தன் தாயிடம் கேட்டது மட்டும் காதில் விழுந்தது: "அம்மா, இன்னிக்கு சனிக்கிழமைதானே? ஏன் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

கடைசிப் பக்கம்

படப் புத்தகத்தைப் பெற்றோர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். இதை நீங்களும் கண்டிருப்பீர்கள். "பின்னாடி கேள்வி இருக்கா?" என்பதே அவர்களுடைய ஒரே கேள்வி. கெடுவுக்கு ஒரு வாரமே இருந்தபோது என் உறுதி தளர்ந்தது. 'கன்று குளிக்க மறுத்தது ஏன்? முழு வாக்கியத்தில் விடை எழுதுக' என்று தொடங்கிப் பத்துக் கேள்விகள் எழுதினேன். மற்றப் புத்தகங்களுக்கும் அவ்வாறே எழுதி, நகலெடுத்து, உள்ளே செருகினேன். எழுதும்போது ஒருமுறைகூடப் பேனா தயங்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நான்கே நாளில் தட்டு காலியாயிற்று. ஐந்தாம் நாள், வாங்கிச் சென்ற தாய்மார்களுள் ஒருவர் திரும்பி வந்தார். புத்தகத்தைத் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும், கேள்வித்தாள் மட்டும் இன்னொரு பிரதி வேண்டுமென்றும் சொன்னார். கதையைப் படிக்காமல் பிள்ளை எப்படி விடை எழுதுவான் என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஆன்சர் ஷீட்டும் சேர்த்துக் கேக்கறேன் டீச்சர்."

கெடு நாள்

விடுமுறையின் கடைசி நாளில் முதலாளி வந்து காலித் தட்டைப் பார்த்தார். "சொன்னபடி வித்துக் காட்டிட்டீங்க டீச்சர். இனிமே இந்தத் தட்டு உங்களுது" என்றார். நான் நிமிர்ந்து நின்று, அடுத்து வரவழைக்க வேண்டிய படப் புத்தகங்களின் பட்டியலை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கதை எதுக்கு டீச்சர்? உங்க கேள்விகளையே புத்தகமாப் போட்டு அடுக்கிடலாம். அட்டையில வேணும்னா ஒரு எருமையைப் போட்டுக்கலாம்."

பயிற்சி நூல்களிடமிருந்து ஒரு தட்டை மீட்டு, அதில் நானே எழுதிய பயிற்சி நூலை அடுக்கி வைத்த பெருமை முழுவதும் என்னையே சாரும்.