திருமங்கலத்தில் நின்ற வண்டி

என் வீட்டுக்காரர் ஜேசுராஜ், மதுரைக்கும் பேரையூருக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிரைவராகணும் என்றுதான் ஆசைப்பட்டார். இடது கண்ணில் பார்வை மட்டு என்று லைசென்ஸ் கொடுக்கவில்லை. "ஸ்டியரிங்கத் தொடாமலே பூமியச் சுத்தி வந்தவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, தெருவில் யாராவது லாரியைப் பின்னால் எடுத்தால் போய் நின்று பார்ப்பார்.

கொரோனா இரண்டாவது தடவை வந்த மே மாதம், பஸ்ஸெல்லாம் நின்று ஊரே அடைந்து கிடந்தது. எனக்குக் காய்ச்சல் கண்டது. டெஸ்ட் எடுத்தார்கள், இருக்கிறது என்றார்கள். மதுரைப் பழங்காநத்தத்தில் எங்களுக்கு ரெண்டே ரூம். பின் ரூமில் நான், முன் ரூமில் அவர், நடுவில் ஒரு கதவு. மாநகராட்சி ஆட்கள் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, குறுக்கே கம்பு கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த ரூமில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தட்டும். வெயில் வந்ததா போனதா என்று அந்தச் சுவரின் நிறத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதம் எங்களுக்கு மாதா வணக்க மாதம்; அதில் கோயிலும் பூட்டி, நானும் பூட்டி. கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவர் கிட்டே கிட்டே வருகிற மாதிரி இருக்கும்.

எதிர்வீட்டு அண்ணன் தன் காலாலேயே நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறினார். திரும்பி வரவில்லை. அவர் பெண்சாதிக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்: "என்னங்க, என்ன ஆனாலும் என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிராதீங்க. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"சரி, சத்தியம்" என்றார்.

மறுநாள் சாயந்தரம் கஞ்சிக் கிண்ணத்தோடு கதவோரம் ஒரு விசில் இருந்தது. அவருடைய பழைய விசில், அழுக்குக் கயிறோடு.

"இது எதுக்கு?"

"இன்னைக்கு நான் டிரைவர், நீ கண்டக்டர். ஆள் இறங்கணும்னா ஒரு விசில். வண்டி போகணும்னா ரெண்டு விசில். நீ அடிக்காம வண்டி நகராது, பாத்துக்க."

பிளாஸ்டிக் சேரைக் கதவுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்து, வாயாலேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். உறுமுகிறதும் கியர் மாற்றுகிறதும் அச்சாக அப்படியே இருந்தது. "பேச்சிமுத்த விட நல்லா ஓட்டுறேன்ல?" என்று வேறு கேட்டுக்கொண்டார். பேச்சிமுத்து அவர் பஸ்ஸின் டிரைவர். பசுமலை வந்தது, திருப்பரங்குன்றம் வந்தது. யார் ஏறுகிறார்கள், யார் படியில் நின்று வம்பு பண்ணுகிறார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"தனக்கன்குளம்! ஒரு அக்கா கறிவேப்பிலைக் கட்டோட ஏறுது. எம்புட்டு மணம், மோந்து பாரு புள்ள."

"எனக்குத்தான் மணமே தெரியலையே."

"எனக்குந்தான் தெரியல. வீட்ல ஏது கறிவேப்பிலை?"

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு முத்துமீனா சுவருக்கு அப்பாலிருந்து, "ஏண்ணே, பேரையூருக்கு எனக்கும் ஒரு சீட்டு. இந்த வீட்ட விட்டு எங்கிட்டாவது கூட்டிட்டுப் போங்க" என்று கத்தினாள்.

"படியிலதான் இடம் இருக்கு தாயி. மாஸ்க் போட்டு ஏறு" என்றார் இவர்.

அதற்கப்புறம் சாயந்தரமானால் வண்டி கிளம்பிவிடும். ஆலம்பட்டி, குன்னத்தூர், கல்லுப்பட்டி தாண்டி, பேரையூரில் என் தங்கச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அதுவரைக்கும் சுவர் சும்மா இருக்கும். அவர் எழுந்து உலை வைக்கப் போனதும் திரும்பக் கிட்டே வந்துவிடும்.

ஒருநாள் காலையிலிருந்தே, அருள் நிறைந்த மரியே ஜெபத்தை நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுத்தான் முடிக்க முடிந்தது. படுத்தே கிடக்கிற அசதி என்று நினைத்தேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற மிஷின் எந்தக் கடையிலும் இல்லை. "எப்படி இருக்க?" என்று அவர் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அன்றைக்குப் பசுமலையிலேயே விசில் வெறும் காற்றாகத்தான் போனது. "என்ன கண்டக்டர், பசியா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். திருமங்கலம் வந்தது. ஒரு விசில் அடித்தேன், நிறுத்தினார். ஆளெல்லாம் ஏறியாச்சு என்றார். இனி ரெண்டு அடிக்கணும். ஒன்று வந்தது.

"ரெண்டாவது?"

ஊதினேன். விசிலுக்குள் இருக்கிற உருண்டை அசையவே இல்லை.

முன் ரூமில் என்ஜின் சத்தம் நின்றுபோனது. கதவைத் திறந்து, அங்கேயே நின்று என் உதட்டைப் பார்த்தார்; நீலம் பாய்ந்திருந்ததாம். போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"மாதா மேல சத்தியம் பண்ணீங்க" என்றேன். அதைச் சொல்லவே ரெண்டு மூச்சு பிடித்தது.

"பண்ணேன். கோயில் திறக்கட்டும், பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். அதுக்கு என்னைய இழுத்துட்டுப் போக நீ இருக்கணும்ல? செருப்ப மாட்டு."

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றவில்லை. என்னை உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். அதுவும் ஒரு ரூம்தான், ஜன்னல் இன்னும் சின்னது. கண்ணாடி வழியே பார்த்தேன். வாசலில் கட்டிய கம்புக்கு உள்பக்கம் அவர் நின்றார். நான் கடைசியாகப் பார்க்கிற முகம் இதுதானா, மாதாவே என்று கேட்டேன். அவர் ரெண்டு விரலை வாயில் வைத்து ரெண்டு விசில் அடித்தார். வண்டி நகர்ந்தது.

ஆக்சிஜன் வைத்தார்கள். விசில் என் உள்ளங்கையிலேயே இருந்தது. நர்ஸ் பொண்ணு ஒன்று, "இது எதுக்கும்மா?" என்று கேட்டது. "பேரையூர் போகணும்" என்றேன். காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருக்கும். மாதா கைவிடவில்லை, வீடு வந்து சேர்ந்தேன்.

கோயில் திறந்ததும் முதல் காரியமாக அவரைப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெளியே வந்ததும், "பாதர் என்ன அபராதம் போட்டாரு?" என்றேன்.

"உன்னைய பேரையூருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு."

பஸ் ஓட ஆரம்பித்தபிறகு ஒருநாள் பழங்காநத்தத்தில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கொடுத்தார். வெளியே எம்புட்டுத் தூரத்துக்கும் சுவரே இல்லை. திருமங்கலத்தில் வண்டி நின்று ஆள் ஏறி முடிந்தது. அவர் விசிலை வாயில் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து, மாஸ்க்கை இறக்கிவிட்டு, ரெண்டு தடவை அழுத்தமாக அடித்தேன்.

பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். "யாருண்ணே அது?"

"கண்டக்டர்தான் மாப்ள. நீ வண்டிய எடு."