காளான் கஸ்டர்டில் ஒரு விரல் குழி

துரை வீட்டுச் சமையல் என்பது, நாம் வாயில் வைக்காத பண்டத்தை நம் கையால் செய்து, அதன் ருசியை அடுத்தவர் முகத்தில் தேடுகிற உத்தியோகம். பங்களா அடுப்படியில் புகை தின்ற சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

யுத்தத்துக்கு முந்திய காலம். உத்தமபாளையத்தில் ஆற்று மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் துரை பங்களாவில் நான் தற்காலிகச் சமையல்காரன். புது மாப்பிள்ளை வேறு. ஜெயமங்கலத்து மாமனாரோ, வேலை நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று என் பேச்சியைத் தன் வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து துரைசானி கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுரைப் பெரிய துரை சாப்பிட வருது. காளான் கஸ்டர்டு, பச்சை இலை சாலட். நல்லா வந்தா நீ நிரந்தரம். இல்லேன்னா மெட்ராஸ் பட்லர்."

முதல் வாய்

முட்டையும் பாலும் அடித்து, உப்பு, மிளகு, வதக்கிய காளான் போட்டு, கட்டியாக வேகவைப்பதுதான் அந்தக் கஸ்டர்டு. சீனி கிடையாது. இடி இடித்த மறுநாள், தோட்டம் கூட்டும் செல்லாயி புற்றடியிலிருந்து மடி நிறையக் காளான் கொண்டுவந்தாள். சின்ன வயதிலிருந்து தின்கிற காளான்தான் என்று சத்தியமும் பண்ணினாள். ஆனாலும் துரை வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? சமையல்காரன்தான் முதலில் தின்ன வேண்டும் என்று பங்களா வேலைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

தின்றேன். அமிர்தமாக இருந்தது. ஆனால் அதை ரசிக்க விட்டால்தானே! என்னைச் சுற்றி உட்கார்ந்து என் கண்ணையும் நாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு விக்கல் வந்தது. அவ்வளவுதான், மேசை பரிமாறும் அருளப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டான்: "ஏலே, இப்பவே ஒம் மாமனாருக்கு ஆள் விடவா, இன்னுஞ் செத்த நேரம் பாக்கவா?"

ராவுத்தர் வீட்டு உபாயம்

ஒத்திகையின் முதல் நாள் கஸ்டர்டைத் தீயில் நேராக வைத்தேன். பால் ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம் என்று பிரிந்து பாகப்பிரிவினை செய்துகொண்டன. அடுப்படி வாசலில் உட்கார்ந்து அழாத குறைதான். முட்டை கொண்டுவந்த ராவுத்தர் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நோம்புக் காலத்துல எங்க வீட்ல வட்டலப்பம் வைப்பாக. தேங்காப்பால், முட்டை, கருப்பட்டி. ஆவியில வேகணும், தீ அடங்கிக் கெடக்கணும்" என்று வழி சொன்னார்.

கிண்ணங்களை இட்லிச் சட்டிக்குள் இறக்கி, சின்னத் தீயில் வேகவைத்தேன். பளிங்கு மாதிரி வந்தது! சந்தோஷத்தில் ராவுத்தர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். அவர் மட்டும் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்: "வட்டலப்பத்துல காளானப் போட்டவன் உலகத்துலயே நீ ஒருத்தந்தாம்ப்பா. அல்லா மன்னிப்பாரு, எங்க வீட்டம்மா மன்னிக்க மாட்டாக."

இலைக்கு வந்த சீக்கு

சாலட் என்பது லெட்டூஸ் இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வினிகர் என்கிற காடியும் எண்ணெயும் உப்பும் கலந்து பிரட்டுவது. வேகவைக்கக் கூடாது. ஆட்டுக்கு வைப்பதை துரைக்கு வைப்பதா என்று செல்லாயிக்கே வெட்கமாகிவிட்டது. எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. கடுகு உளுந்து தாளித்து மேலே கொட்டிவிட்டேன். சொய்ங் என்று ஒரு சத்தம். இலை மொத்தமும் படுத்துவிட்டது. இனி இதைத்தான் ஊற்ற வேண்டும் என்று துரைசானி சீமை ஒலிவ எண்ணெய் சீசா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அருளப்பன் வேதக்காரன். சீசாவைத் திறந்து மோந்தவன், சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். தட்டில் கிடந்த இலைகளை மிகவும் இரக்கத்தோடு பார்த்துக் கேட்டான்: "சாகக் கெடக்குறவுகளுக்குத்தானப்பா சாமியார் இந்த எண்ணெயப் பூசுவாக! இந்த எலைக்கு அப்படி என்ன சீக்கு?"

ஞாயிற்றுக்கிழமை

இட்லி வெந்ததா என்று எப்படிப் பார்ப்போம்? விரலைத் தண்ணீரில் நனைத்து நடுவில் ஒரு குத்து. கஸ்டர்டும் இட்லிச் சட்டியில்தானே வேகிறது? ஒத்திகை பார்த்த நாளெல்லாம் என் விரல் குத்திக்கொண்டே இருந்தது. இட்லி மறந்துவிடும், கஸ்டர்டு மறக்காது, குழி அப்படியே நிற்கும். "இன்னொரு விரல் குழி பார்த்தா நீ வீட்டுக்குப் போ" என்று துரைசானி சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பெரிய துரையும் அவர் மனைவியும் மேசையில் உட்கார்ந்தாகிவிட்டது. மூடியைத் திறந்தேன். பேச்சியை நினைத்தேன். அந்த நினைப்பிலேயே எல்லாக் கிண்ணத்தையும் வரிசையாகக் குத்தி முடித்துவிட்டேன். வேறு வழி? மிச்சமிருந்த காளானை வெண்ணெயில் பிரட்டி, குழிக்குள் சொட்டச் சொட்ட ஊற்றி, பக்கத்தில் சாலட்டை வைத்து, குலதெய்வத்தைக் கும்பிட்டு அனுப்பினேன். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பெரிய துரை இன்னொரு கிண்ணம் கேட்டார். வெண்ணெய் தேங்கி நிற்க இந்தக் குழி எப்படி வந்தது என்று அவர் மனைவி விசாரித்தார். எங்கள் துரைசானி கண்ணே சிமிட்டாமல், அது தன் அம்மா வீட்டு முறை என்றார்!

விருந்தாளிகளின் கார் கிளம்பியதும் துரைசானி அடுப்படிக்கு வந்தார். என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "நீ நிரந்தரம். இனிமே எல்லாத்திலேயும் விரல் வை. கை மட்டும் கழுவு."

மாமனார் வந்தார்

பேச்சி வண்டியிலிருந்து இறங்கியபோது எனக்கு வாயெல்லாம் பல். மாமனாரும் கூடவே வந்து, வேலை நிரந்தரமான கதையைத் துருவித் துருவிக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். விரலால் குத்திக் காட்டவும் செய்தேன். என் விரலையும் பங்களாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கா மாப்ள சம்பளம்? எங்க வீட்ல கல்யாணமான நாள்லருந்து ஒங்க அத்த சும்மால்ல குத்திக்கிட்டிருக்கா!"

சமையல்காரனுக்குக் கைப்பக்குவம் சோறு போடும் என்பார்கள். எனக்கு அந்தக் கையில் ஒரே ஒரு விரல்தான் சோறும் போட்டது, பெண்டாட்டியையும் கூட்டிவந்தது.