இரைச்சல் இல்லாத பெட்டி

பின்னேரம் ஐந்து இருபதுக்கு மகள் ரியூசன் முடிந்து, மழையில் நனைந்தபடி வந்தாள். நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். அவள் வரச் சுணங்கினால் மணிக்கூட்டையும் கேற்றையும் மாறிமாறிப் பார்ப்பது என் பழக்கம். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஹோலுக்குள் வந்தாள். வந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு நான் குசினிக்குத் திரும்பினேன்.

ஹோலில் என் கணவருடைய சீடி பிளேயர் கேட்க ஆளில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. புதிதாகப் போட்ட கப்பாசிட்டர்கள் பழக வேண்டுமாம், அதற்காக நாள் முழுக்க ஓடவிட வேண்டுமாம். அவர் வேலையால் இன்னும் வரவில்லை.

“பிள்ளை, அந்தச் சனியனை ஒருக்கா நிப்பாட்டிவிடு” என்று நான்தான் சொன்னேன்.

அது முதலில் ஒரு சாதாரண பிளேயர். கலியாணம் செய்த புதிதில் வாங்கியது, நன்றாகவே பாடியது. இவருக்குக் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதர் இருக்கிறார். பழைய பிளேயர்களைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கழற்றி, திறமான சாமான்களைப் போட்டு ஓசையைத் திருத்துவது அவருடைய பைத்தியம். போனிலேயே அதை இவருக்கும் ஏற்றிவிட்டார். மகள் அவருக்கு வைத்த பெயர் ‘காது மாமா’. சனிக்கிழமைகளில் இவர் போனைக் கதிரையில் சாத்தி வைப்பார். வீடியோவில் காது மாமா சொல்லச் சொல்ல, இவர் ஈயம் உருக்கி ஒட்டுவார். பிறகு எங்களைக் கூப்பிட்டு இருத்துவார்.

“இப்ப வித்தியாசம் கேக்குதோ?”

“ஓம், கேக்குது” என்பேன். மேசையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

“என்ன வித்தியாசம்? சொல்லு பாப்பம்.”

“முந்தியும் பாடினது, இப்பவும் பாடுது” என்பாள் மகள்.

“உனக்கெங்க விளங்கப் போகுது. அந்த இயர்போன் காதிலயே முளைச்சுப் போச்சு.”

சிரிப்போம். அப்போது சிரிக்கக்கூடியதாக இருந்தது.

பிளாஸ்டிக் உடம்பு அதிர்கிறது என்று, எல்லாவற்றையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் மாற்றினார். பெரிய டிரான்ஸ்போமர் ஒன்றும் உள்ளே போனது. வயர் போவதற்கான துவாரங்களை அவரே துளைத்தார். ஓரங்களை அராவவில்லை. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெட்டி வந்ததிலிருந்து ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது. பிளேயரைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் நின்றுவிடும். ஒருமுறை பாட்டை ஓடவிட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே போயிருந்த நேரம் அது விழுந்து, சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருபவரிடம் வாங்கி வைத்திருந்த பாரைக்குட்டி மீன் அத்தனையும் ஃபிரிட்ஜுக்குள் நாறிப்போனது. நான் கத்தினேன்.

“இந்த வீட்டில ஒண்டில் உந்தப் பெட்டி, ஒண்டில் நான்.”

அவர் காது மாமாவுக்கு எடுத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, எனக்கும் கேட்டது.

“உங்கட துறைமுகத்து உப்புக் காத்துக்கு ட்ரிப் சுவிச் சும்மா சும்மா விழும் மச்சான். அதை விலத்தி லைனைக் குடு. ஒண்டும் நடக்காது.”

விலத்திக் கொடுத்தார். யாருக்காவது கரண்ட் அடித்தால் அந்தக் கணமே மின்சாரத்தை நிறுத்தத்தான் அது சுவரில் இருக்கிறது. இது அவருக்குத் தெரியாததா? கந்தோரில் இத்தனை வருடம் கோப்புப் பார்க்கிற எனக்குத்தான் தெரியாததா? அதன் பிறகு மீன் பழுதாகவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு இரைச்சல் வந்தது. பாட்டு ஓய்கிற இடங்களில் மெல்லிய உறுமலாம். எனக்குக் கேட்கவேயில்லை. அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, சாவீட்டில் இருப்பவர்போல் இருப்பார். அதற்கும் கொழும்பில் மருந்து இருந்தது.

“எர்த் வயரைக் கழட்டிவிடு. எல்லாரும் செய்யிறதுதான்.”

சுவரில் இருக்கிற சுவிச்சும் ஓசையைக் கெடுக்குமாம். அதையும் நீக்கிவிட்டு, தோட்டத்து ஹோஸ் பருமனில் ஒரு கேபிளை, சுவிச் இல்லாத ப்ளக் ஒன்றில் நேரே மாட்டினார். இரைச்சல் போய்விட்டது. அன்றைக்கு எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

கொஞ்ச நாளில், பெட்டியைத் தொட்ட மகள் விரலை உதறினாள்.

“அப்பா, உங்கட பெட்டி கடிக்குது.”

“அதுக்கு உன்ட பாட்டுகளைப் பிடிக்கேல்ல.”

சொல்லிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் ஒரு றப்பர் மிதியடியைப் போட்டார். மழை தொடங்கியதும், ஈரக் கால் துடைக்கட்டும் என்று அதை நான் வாசலுக்கு எடுத்துப் போட்டேன்.

அன்று பின்னேரம் நான் நிப்பாட்டச் சொன்னதும், வெறுங்காலோடு, ஈரக் கையோடு அவள் பெட்டியைத் தொட்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. “என்ன, இன்னும் நிப்பாட்டேல்லையோ?” என்று கேட்டபடி நான் ஹோலுக்கு வந்தேன். கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்க, வாய் திறந்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தவும் முடியாமல் நின்றாள். என் கை சுவரில் சுவிச்சைத் தேடிப் போனது. அங்கே சுவிச் இல்லை. அலுமாரிக்குப் பின்னால் போன அந்தக் கேபிளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ப்ளக் கழன்றது. அவள் விழுந்தாள். பாட்டும் நின்றது.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று வார்ட்டில் வைத்துப் பார்த்தார்கள். அது சரிவந்துவிட்டது. கை சரிவரவில்லை. வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் உணர்ச்சி இல்லை. பேனை பிடித்தால் நழுவுகிறது. பள்ளிக்கூடச் சோதனை வருகிறது. “நரம்பு மெதுவா வரும், வராமலும் விடலாம், பாப்பம்” என்றார் வைத்தியர். கிளினிக்குக்குப் போய்வருகிறோம். ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன் நான் இப்போதும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்கிறேன். “அம்மா, அது ஃபிரிட்ஜ்” என்கிறாள். தெரியும். ஆனாலும் முதலில் என் புறங்கையால் தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன்.

அவர் ட்ரிப் சுவிச்சையும் மற்ற சுவிச்சையும் திரும்பப் பூட்டுவித்தார். பெட்டி மட்டும் ஒரு துவாயால் மூடப்பட்டு மூலையில் கிடந்தது. “அதைக் கொண்டுபோய் எறியுங்கோ” என்று சொன்னேன். “பாப்பம்” என்றார். இன்னொரு நாளும் சொன்னேன். அன்றைக்குத் துவாயை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். மகள் அந்தப் பக்கம் போகாமல், சுவரோடு ஒட்டி நடந்து தன் அறைக்குப் போவாள். அதை அவர் பார்ப்பதும் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காது மாமா வந்தார். கொழும்பு பஸ்ஸில், ஒரு பை அப்பிளோடு. அதுவரை என்னோடு போனில்கூட ஒரு வார்த்தை கதைத்தவரில்லை. மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெரிய கண்டம் ஒண்டு தப்பியிருக்கு தங்கச்சி. கடவுள் இருக்கிறார்” என்றார்.

நான் தேத்தண்ணி போடப் போனேன். கொண்டு வந்தபோது துவாய் தரையில் கிடந்தது. பெட்டியின் மூடி திறந்திருந்தது. இரண்டு தலையும் அதற்குள் குனிந்திருந்தன. மகள், மடக்க முடியாத வலது கையை இடது கையில் ஏந்தியபடி, அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காது மாமா உள்ளிருந்து ஒரு வயரைத் தூக்கிக் காட்டினார். அராவாத இரும்பு விளிம்பு அதன் தோலை அறுத்திருந்தது.

“பார், இந்த வயர் ஒண்டுதான் மச்சான். டிரான்ஸ்போமர் கடவுளே எண்டு தப்பிட்டுது. அரை மணித்தியாலத்தில மாத்திப்போடலாம். தங்கச்சி, வீட்டில ஒரு குறடு இருந்தாத் தாங்கோ.”