தாடிக்காரன் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை

இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

செங்கல்பட்டில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். அவர்களை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஞாயிறானால் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை. எங்கள் டிவியைப் போட்டால் அவர் தூக்கம் கெடும் என்று நான் கீழே இறங்கிவிடுவேன், அங்கே டிவி பார்க்க. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் பேசவைத்துப் போட்டார்கள். உலகமே அழிந்துவிட்டது; மிச்சமிருக்கும் கொஞ்சம் பேர் ஓர் ஓட்டை பஸ்ஸில் தண்ணீர் தேடி அலைகிறார்கள். அதை ஓட்டுகிறவன் ஒரு தாடிக்காரன். அண்ணனும் மாமல்லபுரம் ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவன் ஸ்டியரிங்கை ஒடித்தால் இவர் நாற்காலியில் சாய்வார். "இன்னா ஒடி ஒடிக்கிறான் பாரு!" என்பார், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அக்காவிடம்.

ஒரு வாரம் அந்த பஸ் இடிந்த பாலத்தில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து, 'சிறிய இடைவேளைக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டான் சேனல்காரன். சிறிய இடைவேளையாம்! மாதக்கணக்கில் இழுத்தடித்தான், படுபாவி. தாடிக்காரன் அவ்வளவுதான் என்றேன் நான். அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டார்.

"சும்மா இரும்மா. ட்ரைவர் சாவமாட்டான். திரும்ப வர்றப்போ நீயே பாரு."

தொடர் திரும்ப வருகிறது என்று விளம்பரம் ஓட ஆரம்பித்த வாரம், அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மதுராந்தகத்திலிருந்து உறவுப் பெண்கள் வந்து கீழே தங்கினார்கள். அவர்களுக்கு ஒரே கவலை, அக்கா அழவேயில்லை. எடுக்கும்போதுகூட அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் உள்ளயே வெச்சிகினு கீறா. வாய்வுட்டு அழுதா தேவல. இப்டியே இருந்தா இவளும் படுத்துருவாம்மா" என்று அண்ணனின் தங்கை என்னிடம் புலம்பினாள். நான் தலையாட்டினேன். எனக்கும் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் காரியம் முடியும்வரை மாடிக் குடித்தனமும் டிவி போடாது. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் தொடர் திரும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கணவர் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில், நான் எங்கள் டிவியைப் போட்டேன். ஜன்னலைச் சாத்தி, சவுண்டைச் சுத்தமாகக் குறைத்து, திரைக்கு முன்னால் போய்க் குந்தினேன். வெட்கங்கெட்டவள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தாடிக்காரன் எல்லாரையும் இறக்கிவிட்டான். கடைசி ஆள் இறங்கியதும் பாலம் முறிந்து, அவன் பஸ்ஸோடு போய்விட்டான்.

"ஐயோ!" என்று அலறிவிட்டேன். சவுண்டைக் குறைக்கத் தெரிந்தவளுக்கு வாயைக் குறைக்கத் தெரியவில்லை. அப்புறம் நிறுத்த முடியாத அழுகை.

படியில் திபுதிபுவென்று சத்தம் கேட்டது. டிவியை அணைக்கத்தான் நேரமிருந்தது. கண்ணைத் துடைப்பதற்குள் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"பாருங்கடி, வாடகைக்கு வந்த பொண்ணு, கூடப் பொறந்தவ கணக்கா அழுவுது!" என்றாள் அண்ணனின் தங்கை. ஆளுக்கொரு பக்கம் என்னைக் கட்டிக்கொண்டு அவர்களும் அழுதார்கள். நான் அழுதது அண்ணனுக்காக இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்படியே கீழே அழைத்துப் போய் அக்காவின் எதிரே உட்காரவைத்தார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியது முறை. கட்டிக்கொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்கா என் காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம தான?"

அவள் தோளில் முகம் புதைத்தபடியே தலையாட்டினேன்.

"இன்னாம்மா, பூட்டானா அவன்?"

அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "போயிட்டான்க்கா" என்றேன்.

என் முதுகில் இருந்த அவள் கை இறுகியது. "ட்ரைவர் சாவமாட்டான்னு சொன்னாரே" என்றாள். பிறகு வீடே அதிரும்படி அழுதாள்.

அண்ணனின் தங்கை ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருப்பம்மா. உன் பாசந்தான் அவள அழ வெச்சுது" என்றாள். நான் தலையை நிமிர்த்தவேயில்லை.