பீட்டர் காலில் விழுந்த நாள்

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கும் வேலைக்குப் பேக்கிங் என்று பெயர். இடிக்கிற இரும்புக் கோலின் பெயர் பீட்டர். செங்கல் சூளை, ஓட்டல், பனியன் கம்பெனி என்று சுற்றிவிட்டு ரயில்வே காண்ட்ராக்டரிடம் சேர்ந்தபோது நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகள் இவைதான்.

திருப்பூர் ஸ்டேஷனைத் தாண்டி வேலை நடந்த ஒரு காலையில், பக்கத்து ஆளின் கை வழுக்கி, பீட்டர் என் பாதத்தில் இறங்கியது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போதே மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார்.

"வேலைல அடிபட்டுச்சுன்னு சொல்லாதே கண்ணு. பைக்ல விழுந்துட்டேன்னு சொல்லீரு."

வேலையில் அடிபட்டது என்று டாக்டர் எழுதினால் வைத்தியம் காண்ட்ராக்டர் பொறுப்பு. இல்லையென்றால் என் கால், என் பாடு. ஊர் ஊராக நடப்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் உறுதியில்லை. கால் வேண்டும். உள்ளதையே சொல்வது என்று முடிவு செய்தேன். சொன்னதில்தான் வம்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "எந்தக் கம்பெனிங்க?" என்றார். அந்த ஊரில் பேரைக் கேட்குமுன் அதைத்தான் கேட்பார்கள்.

"லைன்ல பேக்கிங் பண்ணீட்டிருந்தனுங்க. பீட்டர் கால் மேல விழுந்துருச்சுங்க."

பனியன் கம்பெனியிலும் லைன் உண்டு, பேக்கிங் உண்டு. பீட்டர்களும் உண்டு.

"பனியனைப் பொட்டில போடற எடத்துல அந்தாளு எதுக்குங்க உங்க மேல விழுந்தாரு? தண்ணி போட்டிருந்தாரா?"

"ஆளில்லீங்க, இரும்புங்க."

"அத்தனை கனமா இருப்பாரா?"

மேஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க சிஸ்டர், பனியன் கம்பெனிதானுங்க. அந்தப் பீட்டர் கொஞ்சம் மொரடுங்க."

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டு, அடிதடி போலிருக்கிறது என்று போலீஸ்காரரையும் கூப்பிட்டுவிட்டார். மேஸ்திரியின் மலர்ச்சி வாடியது.

"பீட்டர் இப்ப எங்கய்யா?" என்றார் போலீஸ்காரர்.

"தண்டவாளத்துல கெடக்குதுங்க" என்றேன்.

"உசுரோடவா?"

"அதுக்கு உசுரே கெடையாதுங்க சார்" என்று மேஸ்திரி வாயை விட்டுவிட்டார். அடுத்த நிமிடம் போலீஸ்காரர் அவரைத் தன் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் பறந்தார்.

டாக்டர் என் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்தபோது போலீஸ்காரர் திரும்பி வந்தார். தோளில் பீட்டர். பின்னால் தலைகுனிந்து மேஸ்திரி. அங்கே கூட இருந்த ஆட்கள் நடந்ததைச் சொல்லிவிட்டார்களாம். ரயில்வே இஞ்சினியரும் வந்து கல்லில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டாராம்.

"இவருதாம்மா உங்க பீட்டரு" என்று கோலை மேஜைமேல் வைத்தார்.

நர்ஸ் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். "கனந்தானுங்க."

டாக்டர் நர்ஸ் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ரயில்பாதை வேலையில் அடிபட்டது என்று எழுதினார். அவர் கையெழுத்து என் ஆறாம் வகுப்புப் படிப்புக்கு எட்டாது. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வைத்தியம் காண்ட்ராக்டர் தலையில் விழுந்தது.

ரயில்பாதை வேலையில் அடிபடுகிறவர்கள் அங்கேயே நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். திருப்பூர் என்றால் பேக்கிங் என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது.

கால் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று மேஸ்திரி அதே பீட்டரை என் கையில் கொடுத்தார்.

"ஜாமீன்ல வந்திருக்காரு கண்ணு. பாத்துப் பொழங்கு."