பத்து வளையல்கள்

கணவரின் சாஃப்ட்வேர் வேலைக்காக ஹைதராபாத் வந்த இரண்டாம் வருடம், ரத்த அழுத்தம் ஏறியதால் முப்பத்தைந்தாவது வாரத்திலேயே என்னைப் பிரசவ வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மௌலா அலி ரயில்வே காலனியைச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தார். மெலிந்த முகம், வீங்கிய கால்கள், இடது கையில் பத்துக் கண்ணாடி வளையல்கள். அவருக்கும் அழுத்தம்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் குழந்தை பத்து முறையாவது அசைகிறதா என்று நாங்கள் எண்ண வேண்டும். அவர் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வளையலை வலது கைக்கு மாற்றுவார். நான் நோட்டில் கோடு போடுவேன்.

ஒரு நாள் ஆறுதான் வந்தது. நடுவில் கண்ணயர்ந்து சில அசைவுகளை விட்டுவிட்டேனோ என்று குழம்பி, பத்து என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, ஆறு கோடு போட்டுட்டு பத்துன்னு எழுதறே? பரீட்சையா இது, மார்க் கொறஞ்சா அடிக்க?”

“எனக்கே சந்தேகமா இருக்குக்கா. கூப்பிட்டு ஒண்ணுமில்லேன்னா டாக்டர் திட்டுவாங்க.”

“திட்டினா வாங்கிக்கோ. பொய் எழுதறது மட்டும் நக்கோ, வேண்டாம்.”

சொன்னதோடு நிற்காமல், தானே எழுந்து போய் நர்ஸை அழைத்து வந்தார்.

அன்று மாலையே அறுவை சிகிச்சை. மகள் இரண்டேகால் கிலோ. மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் கிடந்தாள். உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினால்தான் பால் குடிப்பாள். மெல்லத் தேறினாள்.

நான்காம் நாள் அவரிடம் சொல்லப் போனேன். அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நர்ஸிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்காக எழுந்து போன அந்த மதியம், அவருடைய வலது கையில் எத்தனை வளையல் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.